காட்டுக்குள்ளே பேசக் கூடாது

"இங்கேர்ந்து யாரும் வாயத் தெறக்கக் கூடாதுங்க. பேச்சுச் சத்தம் கேட்டா ஒரு பறவகூட நிக்காது" என்றாள் தேவயானி.

திருத்தணிக்கு அருகே உள்ள காப்புக்காட்டில் அவள் தற்காலிக வழிகாட்டி. பார்வையாளர்கள் எழுதிக் கொடுக்கும் படிவங்களைப் பார்த்துத்தான் அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். இந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

அன்று வந்தது ஒரே குடும்பம். பள்ளிப்பட்டு ஆறுமுகம், மனைவி கோமளவல்லி, மகன் பரணிதரன்.

"ஆங், தெறக்க மாட்டோம்மா" என்றார் ஆறுமுகம்.

சொன்ன சொல் தவறவில்லை. ஒரு மணி நேரம் மூவரிடமிருந்தும் சின்னச் சத்தம்கூட இல்லை. போன வாரம் வந்த கல்லூரிக் கூட்டம் காட்டையே இரண்டாக்கியிருந்தது. இவர்கள் என்ன, முனிவர்களா?

ஆனால் மயில் குறுக்கே ஓடியபோது அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மீன்கொத்தி குளத்தில் பாய்ந்தபோதும் அப்படியே. அப்புறம் எதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள்? குளக்கரையில் யோசனையோடு திரும்பிப் பார்த்த தேவயானி, அதற்குப் பிறகு அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வாசலுக்கு வந்ததும் கேட்டாள். "எப்டிங்க இவ்ளோ அமைதியா வந்தீங்க?"

"ஊட்ல நாலு பவர்லூம் தறி ஓடுதும்மா. அந்தச் சத்தத்துல யார் பேசறது யார் காதுல வுழும்? கம்முனு இருந்தே பழகிப்போச்சு."

கோமளவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தெனம் இப்டித்தான் வெயில்ல அலைஞ்சிகினு இருப்பியாம்மா?"

"புடிச்சுத்தாங்க அலையறேன்" என்று படிவத்தை நீட்டினாள் தேவயானி.

முதல் கேள்வி, எதைப் பார்க்க வந்தீர்கள்? பறவை, விலங்கு, மரம், மற்றவை. பரணிதரன் 'மற்றவை'யில் டிக் அடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"கொற ஏதாச்சும் இருந்தா எழுதுங்க."

"ஒரு கொறயும் இல்லம்மா" என்றார் ஆறுமுகம்.

"எனக்கு ஒண்ணு இருக்குதே" என்று சிரித்த தேவயானி, அடுத்ததைச் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

"பொண்ணோட அப்பா கண்டக்டர்னு சொன்ன தரகர், பொண்ணு வளந்தது மாமா ஊட்டு தறிக்கூடத்துலன்னு சொல்லலீங்களா? ஒங்கள மாரி நாங்களும் ஒதட்டப் பாத்தேதாங்க பேசிக்குவோம். கல்யாணத்துக்கப்பறம் இவ வேலைய வுட்டுடணும்னு கொளத்தாண்ட சொன்னீங்களே அத்தை, அதாங்க கொற. வுட வேணாம்னு ஒங்க புள்ள சொன்னதுதான் எனக்குப் புடிச்சுது."

கோமளவல்லி மகன் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கி, 'ஆலோசனை' என்ற இடத்தில் எழுதினாள்: "எங்கள் மருமகளை இதே வேலையில் நிரந்தரமாக வைத்திருக்கவும்."