உப்புக்கு லீவு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் தெருவில் குடியிருந்த யூதப் பெண்மணி ரிவ்கா அக்கா. என் கடைக்குட்டி பிறந்த வருஷம், அவர்களுடைய புத்தாண்டன்று சொன்னார்.

அவர்கள் வீட்டில் வாராவாரம் ஓய்வுநாளில் ஜெபம் சொல்லி, ரொட்டியை உப்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள். புத்தாண்டுக்கு மட்டும், வருஷம் இனிக்கட்டும் என்று தேனில் தொடுவார்கள்.

அப்படி ஒரு புத்தாண்டன்று வீட்டம்மா உப்புக் கிண்ணத்தை அலமாரியில் ஏற்றிவிட்டு, ஆப்பிளுக்கும் மாதுளைக்கும் நடுவே தேன் கிண்ணத்தை வைத்தார். உப்பு மேலேயிருந்து எட்டிப் பார்த்தது.

"என்ன உப்பண்ணே, இன்னைக்கு உங்களுக்கு லீவா?" என்று சீண்டியது தேன்.

"சிரி தம்பி, சிரி. ஆண்டவர் பேரைச் சொல்ற நேரத்துல நான் மேசையில இல்லையே, அதுதான்டா தாங்கலை. இனிப்பு கண்டவங்க இனிமே என்னைக் கூப்பிடுவாங்களா?"

மேசையில் இருந்த வட்ட ரொட்டி நிமிர்ந்து பார்த்தது. "அட அசடே! காலையில மாவு பிசையும்போதே நீ என் வயித்துக்குள்ள வந்தாச்சே, மறந்துட்டியா?"

ஜெபம் முடிந்தது. வீட்டம்மா ரொட்டியைப் பிட்டுத் தேனில் முக்கினார்.

"ஐயோ, ரொட்டியோட என்னையுமில்ல சேர்த்து முக்குறாங்க!" என்று அலமாரியிலிருந்து கூவியது உப்பு.

"வாங்கண்ணே, வாங்க" என்றது தேன்.

கேட்டவர்களே, இன்றைக்குச் சமைக்கையில் உப்பைக் கொஞ்சம் மெதுவாய் அள்ளுங்கள்.