அழைப்பிதழில் ஒரு வரி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி வேதவல்லி, அவள் தம்பி தாண்டவன், மணப்பெண்ணான என் மகள் நப்பின்னை, அவள் அண்ணன் அழகன். நடுவில் திருமண அழைப்பிதழ்கள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் அழகனின் பெயருக்குக் கீழே 'தேசிய கிரிக்கெட் அணித் தலைவர்' என்று அச்சாகியிருந்தது. ஆட்டத்தில் பந்தை உப்புத்தாளால் தேய்த்து ஏமாற்றியதற்காக அந்தப் பதவியை அந்த வாரம்தான் பறித்திருந்தார்கள். "நான் பந்தைத் தேய்க்கவே இல்லப்பா. டீம்ல இருக்கிற சின்னப் பசங்க செஞ்சது. தலைவனா நான் பழியை ஏத்துக்கிட்டேன்" என்று அவன் சொல்லியிருந்தான். நான் அதை நம்பி, சம்பந்தி வீட்டில் நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"அந்த வரி மேல பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டிரலாமா மாப்ளே?" என்று அழகனிடம் கேட்டான் தாண்டவன்.

கதவுக்கு வண்ணம் பூசியவர்கள் விட்டுப்போன உப்புத்தாளில் அழகன் ஒரு துண்டு கிழித்தான். அதை விரல்களுக்குள் மறைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, கட்டைவிரலால் அந்த வரியை மெல்லத் தேய்த்தான். எழுத்து போயிற்று. மேலே இருந்த பெயரில் ஒரு கீறல்கூட விழவில்லை. அது முதல்முறையாகச் செய்கிற கை அல்ல.

"எவ்ளோ சுத்தமா போகுதுண்ணா!" என்றாள் நப்பின்னை. அவன் கை நின்றது. என்னைப் பார்த்தான். நான் அடுத்த அழைப்பிதழை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

மகனின் பெயரை நான் அழைப்பிதழிலிருந்து எடுத்துவிட்டதாக உறவுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். பெயர் இருக்கிறது.