முழு டேங்க்

மரியசூசையின் தகரக் கொட்டகையில் பெட்ரோல் ஆட்டோ பல வருஷமாகத் தனி ராஜாங்கம் நடத்திவந்தது. போன மாசம் பக்கத்திலேயே ஒரு பேட்டரி ஆட்டோ வந்து நின்றது. இரண்டில் ஒன்றை விற்றுவிடப் போவதாக வீட்டுக்குள் பேசிக்கொண்டது பழைய ஆட்டோவின் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து அதற்கு வாய் நீண்டுவிட்டது.

“ஏண்டா தம்பி, நீ பாதி வழியில படுத்துட்டா பாட்டில்ல கரண்ட் வாங்கியாந்து ஊத்துவாங்களா? என்னைப் பாரு. கன்னியாகுமரின்னாலும் போவேன்.”

“போயிருக்கீங்களாண்ணே?” பேட்டரி ஆட்டோ குத்தலில்லாமல்தான் கேட்டது.

பழைய ஆட்டோ யோசித்துப் பார்த்தது. பள்ளிக்கூடம், மார்க்கெட், ரயில்வே கேட், அங்கிருந்து திரும்பினால் மறுபடி பள்ளிக்கூடம். மரியசூசை ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றியதே இல்லை. தீர்ந்தால் இன்னொரு லிட்டர்.

“கூப்பிட்டா போவேன்டா,” என்றது.

ஊருக்குள் சுற்றுவதற்கு பேட்டரியே போதும் என்று மரியசூசை முடிவு செய்தார். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து பழைய ஆட்டோவை வாங்கிக்கொண்டார்.

“கூப்பிட்டுட்டாங்கண்ணே!” என்றது பேட்டரி ஆட்டோ, நிஜமான சந்தோஷத்தோடு. பழைய ஆட்டோ புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பியது.

புது முதலாளி பெட்ரோல் பங்கில் நிறுத்தி டேங்க் தளும்பத் தளும்ப நிரப்பினார். அப்படியொரு கனத்தை அது சுமந்ததே இல்லை. ரயில்வே கேட் வரைக்கும் ஒழுங்காக ஓடியது. கேட்டைத் தாண்டி, அதுவரை போயிராத ரோட்டில் ஏறியதும் விக்கி விக்கி நின்றுபோனது.

அவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார்.

“அதான் நிறைய இருக்கே, அப்புறம் என்ன?”

பழைய ஆட்டோவுக்கும் அதுதான் தெரியவில்லை.