ஹார்ட்வெல் ரோட்டுக்குப் புதுப் பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. புனேயில் ஒரு தெருவுக்குப் பெயர் மாற்றப் போன கதையைச் சொல்கிறேன். கேட்டு முடிக்கையில் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், வரவேண்டிய கோபம்தான்.

புனேயின் பழைய ராணுவப் பகுதியான கேம்ப்பில் ஹார்ட்வெல் ரோடு என்று ஒன்று. நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கொள்ளைநோய் வந்தபோது சிப்பாய்களை வீடு வீடாக ஏவிய துரையின் பெயர் அது. அடுப்படி வரைக்கும் பூட்ஸ் காலோடு போனார்கள். பெண்களைத் தெருவில் நிறுத்திச் சேலையை விலக்கி, நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். நோய் முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு தெரு!

அந்தத் தெருவில் குடியிருந்த சபூராவால் அதைத் தாங்க முடியவில்லை. நாலு வருஷம் படியேறி இறங்கி, வாசல் வாசலாகக் கையெழுத்து வாங்கினாள். துரையின் பெயரை எடுத்துவிடுவதாகக் கடைசியில் முடிவானது.

புதுப் பெயரும் முடிவானது. அவள் கணவர் கவுஸின் பூட்டனார், கீழக்கரையிலிருந்து அந்தக் காலத்திலேயே வந்து கடை போட்ட செய்யது மரைக்காயர். கொள்ளைநோய்க்குப் பயந்து ஊரே ஓடியபோது ஓடாமல் நின்ற மனிதர் என்றார் கவுஸ். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை, கல்வெட்டு விஷயமாகத் தெருப் பெயர்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து காட்கே என்ற அதிகாரி வந்தார். பெரியவர் கைப்பட எழுதியது ஏதாவது இருந்தால் அதில் ஒரு வரி போடலாமே என்றார்.

கவுஸ் அலமாரி மேல்தட்டிலிருந்து பச்சைப் பட்டுப் பொதியை இறக்கினார். பூட்டனார் எழுதிய ஏடு. எழுத்து அரபு. ஆகவே அது துஆ, பிரார்த்தனை ஓதுகிற ஏடு என்று நாலு தலைமுறையும் நம்பியிருந்தது. கைகால் முகம் கழுவி உளூ செய்யாமல் தொடமாட்டார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அதை முத்தமிட்டுவிட்டுப் போவார்கள். பிரித்தவர் எவருமில்லை.

அரபு எழுத்தில் தமிழையும் எழுதுவார்கள் என்பது அந்த வீட்டில் சபூராவுக்குத்தான் தெரியும். அவள் உம்மா அப்படித்தான் கடிதம் போடுவார்.

"நல்ல துஆவாப் பார்த்து ஒண்ணு வாசிச்சுக் குடு புள்ள" என்றார் கவுஸ். புது மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

அவள் வாய்விட்டே வாசித்தாள். நிறுத்தத் தோன்றவில்லை.

'துரை அவர்களுக்கு நான் அடையாளம் காட்டிய வீடுகள். பூக்கார ராதாபாய், மகளைப் பரணில் ஒளித்திருந்தாள். தையற்கார சகாராம், தாயைக் குதிருக்குப் பின்னால். வண்டிக்கார இப்ராகிம், கைக்குழந்தை.'

"தமிழோட நிறுத்திக்க சபூரா. இவருக்கு ஒண்ணும் புரியாது" என்றார் கவுஸ், காட்கேயைக் கண்ணால் காட்டி.

புரியாதாம்! நாலு வருஷமாகத் துரையைத் திட்டிய ஊர் இது. துரைக்கு மராட்டி தெரியுமா, இந்துஸ்தானி தெரியுமா? எந்தப் பரணில் யார் மகள் பதுங்கியிருக்கிறாள் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே!

"துரை பேரு போகட்டும் மச்சான். அந்த எடத்துல இவரு பேரு வரக் கூடாது."

சொல்லிவிட்டு அவள் காட்கே பக்கம் திரும்பினாள். ராதாபாயில் ஆரம்பித்து ஒவ்வொரு வீடாக, இந்தியில் சொன்னாள்.

காட்கே பேனாவை மூடிவிட்டார். அந்த மூன்று வீடுகளும் இப்போது எங்கே இருக்கின்றன என்று மெதுவாகக் கேட்டார்.

ஏட்டில் அதற்கும் ஒரு வரி இருந்தது. காட்டிக்கொடுத்ததற்குக் கூலியாகத் துரை கொடுத்த மனை எது என்கிற வரி.

மூவரும் நின்றிருந்த கூடத்துத் தரையைக் காலால் தட்டிக் காட்டினாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவர்கள் எவர் கண்ணீரும் விழாத மண்ணில் நிற்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு அதற்குள் நிம்மதியாகத் தூங்குங்கள்.