குவாபாராவின் குடல்

"மறுபடியும் கப் நூடுல்ஸா? குடல் சுவர்ல ஓட்டை விழும்யா! அப்புறம் கண்ட கழிவும் ரத்தத்துல கசியும். என்னை மாதிரி புளிச்ச சோயா தின்னு!"

ஜப்பானின் நகோயா நகர அலுவலகமொன்றில் பிரிவுத் தலைவர் குவாபாராவின் மதிய உபதேசம் இது. மாட்டிக்கொண்டவன் நிஷிவாகி.

அந்த நேரம் கம்பெனி நர்ஸ் வருடாந்தரப் பரிசோதனை முடிவோடு வந்தாள்.

"குவாபாரா சார், உங்க மலப் பரிசோதனையில ஒரு குறையும் இல்ல!"

"பாத்தீங்களா? எல்லாம் சோயா மகிமை!"

அலுவலகமே கைதட்டியது. நிஷிவாகி தலைகுனிந்து நூடுல்ஸை உறிஞ்சினான்.

மாலையில் லிஃப்டில் இருவரும் தனியாக இறங்கும்போது குவாபாரா அவன் காதோரம் குனிந்தார்.

"ரொம்ப நன்றிப்பா. எனக்கு வாரத்துக்கு ஒரு தடவை வெளிக்கு வந்தாலே திருவிழா. பரிசோதனை அன்னைக்கு உன்னோடதுல கொஞ்சம் என் சாம்பிள் குழாய்ல அடைச்சுத் தரலைன்னா மானம் போயிருக்கும். அடுத்த வருஷமும் நீதான். அந்த நூடுல்ஸை மட்டும் நிறுத்திடாதே!"