எட்டாம் நம்பர் ஷூ

டவுன் பஸ் கண்டக்டர் சுடலைக்கண்ணு அண்ணாச்சி, ஷூவுக்கு அளவு பார்க்கப் பலகைமேல் வெறுங்காலோடு ஏறி நின்றார். ஏழாம் நம்பர் என்று திரையில் வந்தது. அவருடைய வலது குதிகாலில் இருந்த கறுப்பு மச்சத்தையும் பலகை பார்த்துவிட்டது. இப்போது எல்லாக் கடைப் பலகையும் பார்க்கும். புற்று மச்சத்துக்குள் புது ரத்தக் குழாய்கள் எவ்வளவு கிளைத்திருக்கின்றன என்று பார்த்து, ஆளுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று சொல்லிவிடும்.

போடுகிறவரின் காலத்தைத் தாண்டி கேரண்டி எழுதக் கூடாது என்பது கடை விதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதைச் சொல்லிவிட்டு ஸ்டாக் அறைக்குள் போய் அழுவேன். இன்றைக்கு இவர் மூன்றாவது ஆள். சொல்லும்போதே என் கை அட்டைப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தது.

“அண்ணாச்சி, இந்த ஷூவுக்கு ரெண்டு வருஷ கேரண்டி. உங்களுக்கு அஞ்சு மாசந்தான் போட முடியும்.”

“ஆஸ்பத்திரில ஆறுன்னு சொன்னாவ.” கொஞ்சம் யோசித்தார். “ஆமா, அது போன மாசம்லா.”

பெட்டியை மூடப் போனேன்.

“மூத்தவனுக்கு எட்டாம் நம்பர். அதையே குடும்மா. கேரண்டிய அவன் பேர்ல போடு.”

போட்டேன். இரண்டு வருடம் என்று வந்தது.

அதை மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்து பார்த்தார். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் கழன்றது.

“முனையில கொஞ்சம் பேப்பர் வச்சுக் குடும்மா,” என்றார். “பொறவு அவன் எடுத்துக்கிடுவான்.”