பன்னிரண்டாவது வாக்கியம்

'இந்தப் படிப்பின் நோக்கம் என்ன?' என்று ஒரே வாக்கியத்தில் எழுதியனுப்பச் சொல்லியிருந்தது மேலிடம். நாளைக்குள் போகாவிட்டால், நாரின் என்ற மலையூர்க் கல்லூரியில் கால்நடை மருத்துவப் படிப்பையே மூடிவிடுவார்கள்.

துறைத் தலைவி அனர்குல் எழுதிய பதினொரு வாக்கியங்களையும் மூத்த பேராசிரியர் ஷர்ஷென் அடித்துவிட்டார்.

"உலகத் தரமா? நம்ம ஆட்டுக்கு அது புரியுமாம்மா?"

"அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்கய்யா."

"எழுதறது உன் வேலை. குத்தம் சொல்றதுதான் என் வேலை."

மற்ற எட்டு ஆசிரியர்களும் அவருக்கே தலையாட்டினார்கள். பெரியவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

அனர்குல் பெருமூச்சு விட்டாள். "போதும், சாப்பிட வாங்க. கறி ஆறுது."

வயிறு நிறைந்ததும், வழக்கப்படி மூத்தவரான ஷர்ஷென் உள்ளங்கைகளை விரித்துப் பந்திக்கு ஆசி வழங்கினார். அப்படியே ஆகட்டும் என்ற பொருளில் "ஓமின்" சொல்லி, எல்லோரும் இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள்.

மறுநாள் காலை அனர்குல் புதிய காகிதத்தை நீட்டினாள்.

"நம் பிள்ளைகள் பனியிலும் மலையேறிப் போய், வாயில்லா ஜீவனின் நோவைத் தீர்க்க வேண்டும்" என்று வாசித்த ஷர்ஷென் முகத்தைச் சுளித்தார்.

"எந்தக் கிறுக்கன் எழுதினது இது?"

"நேத்து நீங்க சொன்ன ஆசிதாங்கய்யா. எட்டுப் பேரும் ஓமின் சொல்லிட்டாங்க."

ஷர்ஷென் காகிதத்தை இன்னொரு முறை நிதானமாகப் படித்தார்.

"அதான் பார்த்தேன்," என்றார். "நீ எழுதியிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காதே."